கண் மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது கட்டம்

அனுப்புநர்:
பதிவு எண் 418 நோயாளியின் மனைவி,
லாரி பார்சல் ஆபீசில் ஓய்வு பெற்றவர், படிப்பு ஐந்தாம் வகுப்பு,
கதவு எண் 27, இரண்டாம் மாடி,
தண்ணீர்த்தொட்டித் தெரு.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு கண் மருத்துவமனை.

பொருள்: தங்கள் இணையப் பக்கத்தைப் படிக்க முடியாத காரணத்தால் என் கணவரின் ஆபரேஷன் தேதி பறிபோனது – அதைத் திருப்பித் தரவும், பக்கத்தைத் திருத்தவும் கோருவது – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. என் மூத்த மகனின் மகள் பாலம் கட்டும் இன்ஜினியர். ஆற்றுக்குள் அவள் கணக்குப் போட்டு நிறுத்திய தூண்கள் பதினான்கு. இரண்டு வெள்ளம் வந்து போயும் ஒன்றுகூட அசையவில்லை. அவள் தம்பிக்குக் கம்ப்யூட்டர் வேலை. அவன் கம்பெனியில் வருடத்துக்கு ஒருவருக்கு மட்டும் கொடுக்கும் கேடயத்தை இரண்டு தடவை வாங்கியவன்; ஒன்று அவன் வீட்டில், ஒன்று என் வீட்டு டிவிக்குப் பக்கத்தில். என் மகளின் மூத்த பெண் பிசியோதெரபி படித்தவள், பல்கலைக்கழகத்தில் மூன்றாம் இடம். முதல் இரண்டு இடமும் டாக்டர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போனது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். அவளுக்கு அடுத்தவன் நீச்சலில் மாநில அளவில் வெள்ளிப் பதக்கம்; தங்கம் வாங்கியவனைவிட அரை விநாடிதான் பின்னால். கடைக்குட்டி இரண்டாம் வகுப்பு. கையெழுத்துப் போட்டியில் பள்ளிக்கே முதல் பரிசு. அந்தக் கையெழுத்து யார் வழியில் வந்தது என்பதை நானே சொல்லிக்கொள்வது முறையல்ல.

2. மனு எழுத உட்கார்ந்தவள் பேரப்பிள்ளைகளின் புராணம் பாடுகிறாளே என்று தாங்கள் நினைக்கலாம். காரணம் உண்டு. கடந்த மே மாதம் 21ஆம் தேதி வியாழக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு, தங்கள் மருத்துவமனையின் இரண்டாம் எண் கவுன்ட்டரில் இருந்த எழுத்தர், வரிசையில் நின்ற எல்லோரும் கேட்கும்படி, "ஏன் பாட்டி, வீட்டுல படிச்சவங்க யாருமே இல்லையா?" என்று என்னைக் கேட்டார். அவருக்கான பதில் முதல் பத்தியில் உள்ளது. அதை அவருக்கு, அதே கவுன்ட்டரில், அதே சத்தத்தில் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

3. இனி விஷயத்துக்கு வருகிறேன். என் கணவர் வெல்டர். முப்பத்தெட்டு வருடம் ஜன்னல் கம்பியும் இரும்புக் கதவும் பற்றவைத்தவர். இளவயதிலேயே இரும்புத் துகள் தெறித்து இடது கண் போய்விட்டது. மிச்சம் இருப்பது வலது கண் ஒன்றுதான். அதிலும் இப்போது புரை முற்றிக்கொண்டு வருகிறது. டீ ஊற்றும்போது டம்ளருக்குள் விரலை விட்டுத்தான் நிறைந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்கிறார். விரல் நுனியில் தோல் உரிந்திருக்கிறது. "நான் ஊத்தித் தரேன், விடுங்களேன்" என்றால், "கண்ணுதான் போச்சு, கையையும் பிடுங்கிக்கோ" என்கிறார். நான் வீட்டில் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தெரியவேண்டுமாம், அதனால் ஏதாவது பேசிக்கொண்டே இருக்கச் சொல்கிறார். ஐம்பது வருடமாக "கொஞ்சம் வாயை மூடேன்" என்று சொன்ன மனுஷன் அவர்.

4. ஏப்ரல் 3ஆம் தேதி தங்கள் மருத்துவமனையின் டாக்டரம்மா அவரைப் பரிசோதித்தார். (வயது சிறியது, பொறுமை பெரியது. அவர் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.) "மூணு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும்மா. அதுக்கு மேல போனா கண்ணுக்குள்ள பிரஷர் ஏறிடலாம். அப்புறம் பார்வைக்கு நான் உறுதி சொல்ல முடியாது" என்றார். மூன்று மாதம் என்பது ஜூலை 3. அன்றே பதிவு செய்து 418 என்ற எண்ணைக் கொடுத்தார்கள். தேதி எப்போது தெரியும் என்று கேட்டதற்கு, "வெப்சைட்டுல போடுவோம், தினமும் பாத்துக்குங்க. போன் எல்லாம் பண்ண மாட்டோம்" என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன்.

5. தினமும் பார்த்தேன். ஒரு நாள்கூட விட்டதில்லை. எனக்குக் கண் நன்றாகத் தெரியும். இன்றைக்கும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோர்ப்பேன். அப்படிப்பட்ட நானே தங்கள் பக்கத்தைப் படிக்கத் திண்டாடினேன். வெள்ளைத் தரையில் சாம்பல் எழுத்து. அதுவும் கடுகுக்குப் பக்கத்தில் வைத்தால் கடுகு பெரியதாகத் தெரியும். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கலாம் என்றால், மற்ற பக்கங்கள் எல்லாம் விரிகின்றன, தங்கள் பக்கம் மட்டும் விரியவே இல்லை. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பேரனிடம் கேட்டதில், "அவங்களே பூட்டி வெச்சிருக்காங்க பாட்டி, டிசைன் கலைஞ்சிடக் கூடாதுன்னு" என்றான். ஐயா, இது புடவைக் கடையின் பக்கம் அல்ல. கண் தெரியாதவர்கள் வந்து பார்க்கும் பக்கம். தங்கள் டாக்டர்கள் எங்களை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லும் பலகையில் கடைசி வரிதான் சின்ன எழுத்து. அதைப் படிக்க முடியாதவர்களைத்தான் பதிவு செய்கிறீர்கள். பதிவு செய்துவிட்டு, அதைவிடச் சின்ன எழுத்தில் தேதி போடுகிறீர்கள்.

6. எழுத்தைப் பற்றிப் பேச இவள் யார் என்று கேட்பீர்கள். லாரி பார்சல் ஆபீசில் மூட்டைகளின் மேல் ஊர்ப்பெயரும் எண்ணும் மையால் எழுதியவள் நான். முப்பத்தொரு வருடம். என் எழுத்தால் ஒரு மூட்டைகூட ஊர் மாறிப் போனதில்லை. சுமை தூக்குபவர் நின்று படிக்கமாட்டார். முதுகில் ஒரு மூட்டை இருக்க, அடுத்த மூட்டையை நடந்தபடியே பார்த்துக்கொண்டு போவார். அவருக்குப் புரியவேண்டும், அவ்வளவுதான் சட்டம். ஒரு நாள் மை தீர்ந்துபோய் நான் தண்ணீர் கலந்து எழுதினேன். எங்கள் சூப்பர்வைசர் அந்த மூட்டையை என் காலடியிலேயே போட்டு, "என்னம்மா இது, எழுத்தா இல்ல எழுத்தோட நெழலா?" என்றார். நான் திருப்பி எழுதினேன். தங்கள் ஆபீசில் அப்படி மூட்டையைக் காலடியில் போட ஆள் இல்லை என்று தெரிகிறது.

7. குறைகள் இன்னும் உள்ளன. நினைவுக்கு வரும் வரிசையில் சொல்கிறேன். பக்கத்தின் தலையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி ஓடிக்கொண்டே இருக்கிறது. முக்கியமான அறிவிப்புகள் எல்லாம் அதில்தான். நான் பாதி வரி படிப்பதற்குள் அது வாலைச் சுருட்டிக்கொண்டு மறுபக்கம் போய்விடுகிறது. வரிக்கும் வரிக்கும் இடைவெளி இல்லை; மேல்வரி எழுத்தின் வால் கீழ்வரி எழுத்தின் கொம்பில் சிக்கிக்கிடக்கிறது. "இங்கே அழுத்தவும்" என்று ஒன்பது இடத்தில் இருக்கிறது. எதற்காக அழுத்தவேண்டும் என்று ஓர் இடத்திலும் இல்லை. ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்ததில் ஒன்று டெண்டர் அறிவிப்பு, ஒன்று பூங்கா திறப்பு விழா, இரண்டு ஒன்றும் இல்லை. அடிக்கோடு போட்டிருந்த வார்த்தைகளை அழுத்தினால் எதுவும் திறக்கவில்லை. திறக்கிற வார்த்தைகளுக்கு அடிக்கோடு இல்லை. கண் சொட்டு மருந்து விடும் முறை என்ற பகுதி என் போனில் வெறும் சதுரம் சதுரமாக வந்தது. அது எந்த நோய்க்கான மருந்து என்று எனக்குத் தெரியவில்லை.

8. இத்தனையையும் பொறுத்துக்கொண்டேன். மே 6ஆம் தேதி பட்டியல் வந்தது. அதில் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். முதல் கட்டத்தில் பதிவு எண். இரண்டாவதில் தேதி. 418க்கு நேரே மே 21. விரலை வைத்துப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை பார்த்தேன். ஒரு தாளில் பெரிதாக எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். மகள் இரண்டு நாள் லீவு சொன்னாள். மருமகன் கார் வைத்திருக்கும் நண்பரிடம் பேசிவைத்தார். என் கணவர் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும், "அந்தக் கதவுல பச்சை பெயின்ட் அடிச்சோமே, இன்னும் அப்படியே இருக்கா?" என்கிற மாதிரிக் கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருந்தார். பார்க்கவேண்டியவற்றை மனதில் வரிசைப்படுத்துகிறார் என்று எனக்குப் புரிந்தது.

9. மே 21 காலை அவரே தடவிப் பார்த்துச் சவரம் செய்துகொண்டார். கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டு. சலவைச் சட்டை. ஏழரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டோம். எங்கள் முறை வந்தபோது எழுத்தர், "ரத்தப் பரிசோதனைச் சீட்டு எங்கே?" என்றார். எந்தப் பரிசோதனை என்றேன். "மூணு நாளைக்கு முன்னாடியே வந்து ரத்தம், சர்க்கரை எல்லாம் பாத்திருக்கணுமே. அதான் வெப்சைட்டுல போட்டிருக்கே!" நான் என் போனைத் திறந்து நீட்டினேன். எண், தேதி. வேறு எதுவும் இல்லை. அவர் தன் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். அங்கே அகலமான திரையில் மூன்றாவதாக ஒரு கட்டம் இருந்தது. "குறிப்பு" என்று தலைப்பு. அதில், பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே வரவேண்டும், வராதவர் பெயர் நீக்கப்படும் என்று எழுதியிருந்தது.

10. "பாட்டி, ஸ்க்ரோல் பண்ணிப் பாக்கணும்" என்றார். மேலும் கீழும் எத்தனையோ தடவை தள்ளிப் பார்த்தேனே என்றேன். "மேலயும் கீழயும் இல்ல, சைடுல" என்று சொல்லி, என் போனைத் தன் விரலால் பக்கவாட்டில் இழுத்தார். அலமாரிக்குப் பின்னாலிருந்து பல்லி வருவதுபோல அந்த மூன்றாவது கட்டம் வந்தது. பக்கத்தில் இன்னும் இருக்கிறது என்பதற்கு ஓர் அம்புக்குறி இல்லை, பாதி எழுத்துகூட எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாவது கட்டத்தோடு கோடு போட்டு முடித்ததுபோல இருந்தது. வீட்டுக்கு வாசல் வைக்காமல் சுவர் எழுப்பிவிட்டு, ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? அப்போதுதான் படித்தவர்களைப் பற்றிய அந்தக் கேள்வியைக் கேட்டார். பிறகு பெயரை அடித்துவிட்டு, அடுத்த தேதி பிப்ரவரியில் என்றார். பிப்ரவரி, ஐயா. டாக்டரம்மா சொன்னது ஜூலை 3.

11. நான் கத்தத் தொடங்குவதற்குள் என் கணவர் என் தோளில் கைவைத்து, "வா, போலாம்" என்றார். அவர் அந்தக் கவுன்ட்டரில் பேசிய வார்த்தை அது ஒன்றுதான். படியில் இறங்கும்போது எண்ணிக்கொண்டே இறங்கினார். ஏறும்போது எண்ணவில்லை, இன்னொரு தடவை இந்தப் படியில் தடுமாறி இறங்கவேண்டி வராது என்று நினைத்திருப்பார்.

12. அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் திரும்பிப் போனேன். அன்று காலை ஆபரேஷனுக்கு வந்திருந்தவர்கள் மொத்தம் பதினொரு பேர். ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். மூன்றாவது கட்டத்தைப் பார்க்காமல் வந்தவர்கள் என் கணவரையும் சேர்த்து ஏழு பேர். அதில் ஒருவர் கொத்தனார். ஒருவர் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்த டீச்சர்; அவர் போனில் அவரே பார்த்திருக்கிறார். "நானும் இதைத் தள்ளிப் பாக்கலயேம்மா, எனக்கு டிகிரி ரெண்டு இருக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பார்த்துவிட்டு வந்த நான்கு பேரும் எப்படிப் பார்த்தார்கள் என்றால், கம்ப்யூட்டர் சென்டரில் பெரிய திரையில் பார்த்தவர்கள். எனவே இது என் ஐந்தாம் வகுப்பின் குற்றம் இல்லை. தங்கள் ஆபீசில் ஒருவர்கூட அந்தப் பக்கத்தை ஒரு தடவையாவது போனில் திறந்து பார்க்காத குற்றம். பதினொன்றில் ஏழு மூட்டை ஊர் மாறிப் போனால் எங்கள் பார்சல் ஆபீசில் எழுதியவரைத்தான் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். மூட்டையைத் திட்டமாட்டார்கள்.

13. இந்தப் புகாரைத் தங்கள் பக்கத்திலேயே எழுதிவிடலாம் என்று முதலில் முயன்றேன். ஒரு விரலால் தட்டி முக்கால் மணி நேரம். அனுப்பு என்பதை அழுத்தியதும் நான் இயந்திரம் இல்லை என்று நிரூபிக்கச் சொன்னது. நிரூபிக்கும் வழி: கோணல்மாணலாக நெளிந்து, குறுக்கே கோடு கிழித்து, புகை மூட்டத்துக்குள் கிடக்கும் ஐந்து எழுத்துகளைப் படித்துச் சொல்லவேண்டும். கண் மருத்துவமனையில்! இரண்டு தடவை தவறு என்றது. மூன்றாவது தடவை "பிழை" என்று மட்டும் காட்டி, நான் எழுதிய எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. என்ன பிழை, யார் பிழை என்று சொல்லவில்லை. மருமகன், "விடுங்க அத்தை, பிரைவேட்ல பாத்துக்கலாம்" என்றார். பேரன், "நான் இங்கிலீஷ்ல ஒரு மெயில் தட்டிவிடறேன் பாட்டி, அலறிடுவாங்க" என்றான். இரண்டும் வேண்டாம் என்றேன். படிக்கத் தெரியாதவள் என்று சொன்னவர்களுக்கு எழுதத் தெரியும் என்று நானே காட்டவேண்டும். எனவே தாளில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தாள் வாங்கிய கடைக்காரர், "தாழ்மையுடன்னு ஒரு வார்த்தை சேத்துக்குங்கம்மா, அப்பதான் நடக்கும்" என்றார். ஐயா, என்னிடம் இப்போது தாழ்மை இல்லை. இருந்தால் சேர்த்திருப்பேன்.

14. ஆகவே நான் கேட்பது:

அ) என் கணவருக்கும் மற்ற ஆறு பேருக்கும் ஜூலை 3ஆம் தேதிக்குள் ஆபரேஷன் தேதி தரவேண்டும். அவர்கள் பதிவு எண்களையும் கையொப்பங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். கொத்தனார் கைநாட்டு வைத்திருக்கிறார். கண் சரியானதும் கையெழுத்தே போடுவதாகச் சொன்னார். பரிசோதனைக்கு நாளையே கூப்பிட்டாலும் வருவோம். இன்றிலிருந்து இருபத்து நான்கு நாள்தான் இருக்கிறது. பிப்ரவரி என்ற பேச்சே வேண்டாம்.

ஆ) தேதியையும், வரவேண்டிய பரிசோதனை நாளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, கறுப்பு எழுத்தில், பெரிதாகப் போடவும். பெயர் நீக்கப்படும் என்பது போன்ற விஷயத்தை ஓரத்தில் ஒளித்துவைக்க வேண்டாம். முதல் வரியில் போடவும். ஓடுகிற எழுத்தை நிறுத்தவும். பூட்டியதைத் திறக்கவும், வேண்டியவர்கள் பெரிதாக்கிப் படித்துக்கொள்ளட்டும். "இங்கே அழுத்தவும்" என்பதற்குப் பதிலாக அங்கே என்ன இருக்கிறது என்று எழுதவும். போனில் பார்க்க முடியாதவர்களுக்குப் போன் பண்ணிச் சொல்லவும். கவுன்ட்டரில் மூன்று போன்கள் சும்மா இருப்பதை நான் பார்த்தேன்.

இ) எழுத்தர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டாம். எனக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவரும் தாங்களும் ஆளுக்கொரு மூக்குக்கண்ணாடியில் ஒரு தடவை மூச்சை ஊதி மாட்டிக்கொண்டு, அந்த ஈரம் காய்வதற்குள், சொந்தப் போனில் அந்தப் பட்டியலைத் திறந்து 418ஐக் கண்டுபிடிக்கவேண்டும். மூன்றாவது கட்டத்தையும் சேர்த்து. என் கணவர் பார்ப்பது அந்த அளவுதான். அவருக்கு அந்த ஈரம் காய்வதில்லை.

ஈ) கடைசியாக ஒன்று. பக்கத்தைத் திறந்ததும் போன் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு போட்டோ வருகிறது. புதிய கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டுகிறார்கள். பன்னிரண்டு பேர், அத்தனை பேரும் வெள்ளைச் சட்டை, அதன் மேலேயே வெள்ளை எழுத்தில் ஏதோ வாசகம். இந்த மனு எழுதும் இன்றுவரை அது என்ன என்று எனக்குத் தெரியாது. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரும் நோயாளி இல்லை. அதை இறக்கிவிடுங்கள். என் கணவருக்கு ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்க்கும் நாளில், திருத்திய பக்கத்தை அவர் கையில் கொடுக்கிறேன். யார் உதவியும் இல்லாமல் அவரே அதைப் படிக்கட்டும். படித்து முடித்ததும் அவரைப் புதிதாக ஒரு போட்டோ எடுத்து, அந்த இடத்தில் போடுங்கள். அவர் சிரிக்கமாட்டார், வற்புறுத்த வேண்டாம். அவர் முகத்தின் மேல் எழுத்து எதுவும் போடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டிருக்கும்,
418இன் மனைவி
(கையொப்பம் என் சொந்தக் கையெழுத்து)

இடம்: மேற்கண்ட முகவரி
நாள்: ஜூன் 9, செவ்வாய்க்கிழமை

இணைப்பு: ஏழு பேரின் பதிவு எண்களும் கையொப்பங்களும் அடங்கிய தாள் ஒன்று. கறுப்பு மையில், பெரிய எழுத்தில்.